முறைக்காய்ச்சல்

1986ஆம் வருஷம் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் எங்கள் விடுதி அறையில் யாராவது ஒருவனுக்குக் காய்ச்சல் இருந்துகொண்டே இருந்தது. திங்கட்கிழமை தொட்டியத்துக்காரனுக்கு என்றால் செவ்வாய் மணப்பாறைக்காரனுக்கு. புதன் சாயல்குடிக்காரனுக்கு. வியாழக்கிழமை மறுபடியும் தொட்டியத்துக்கே வந்துவிடும். முறைக்காய்ச்சல் என்று பழைய வைத்தியர்கள் சொல்வார்கள், விட்டுவிட்டு, நாள் கணக்கு வைத்துக்கொண்டு வருவது. மலேரியாவை அப்படித்தான் சொன்னார்கள். எங்கள் அறையில் கண்டது வேறு வகை. காய்ச்சல்காரன் சாயங்காலம் கைப்பந்து ஆடிவிட்டு வியர்வை சொட்ட வருவான். ராத்திரிச் சாப்பாட்டு மணி அடித்ததும் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டு படுத்துவிடுவான்.

நான்கு பேர் இருந்த அறையில் காய்ச்சல் வராதவன் நான் ஒருவன்தான். வந்த காய்ச்சல் முழுவதும் எனக்காக வந்தது.

திருச்சியில், சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் படித்தோம். விடுதியில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, ஊர்ப் பெயர்தான். நான் பேராவூரணி. ஒரே ஊரிலிருந்து இரண்டு பேர் வந்துவிட்டால்தான் சிக்கல். மணப்பாறையில் இரண்டு பேர் இருந்ததால் ஒருவன் 'முறுக்கு' ஆனான், இன்னொருவன் 'மாடு' ஆனான். எங்கள் அறைக்காரன் மாடு. பல வருஷம் கழித்து அவன் மகன் கல்யாணத்தில் வாசலிலேயே சாயல்குடிக்காரன் "டேய் மாடு" என்று கத்த, பெண் வீட்டார் திகைத்துப்போனார்கள். மாடு அவ்வளவு மகிழ்ச்சியாகச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

விடுதி மெஸ் டிவைடிங் சிஸ்டம். இன்றைக்கு கேட்டரிங் காண்ட்ராக்டில் சாப்பிடும் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்காது. மாதக் கடைசியில் அரிசி, பருப்பு, காய்கறி, விறகு, சமையல் மாஸ்டர் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி, எத்தனை பேர் எத்தனை நாள் சாப்பிட்டார்களோ அந்த எண்ணிக்கையால் வகுப்பார்கள். வருவது அந்த மாத ரேட். கணக்குப் போடுவதும் நாங்களேதான், மாதத்துக்கு ஒருவன் மெஸ் செக்ரட்டரி. நெய் ஊற்றினால் ரேட் ஏறும். ஞாயிற்றுக்கிழமை கறி போட்டால் ஏறும். ஒருவன் காசு கட்டாமல் சாப்பிட்டாலும் ஏறும், அந்தக் காசு மற்ற எல்லார் தலையிலும் விழும். அதனால் பாக்கி வைத்தவனை வார்டன் கண்டிக்கும் முன்பே கூடச் சாப்பிடுகிறவன் முறைப்பான். இரண்டு மாதம் கட்டாவிட்டால் பெயரை அடித்துவிட்டுப் பலகையில் ஒட்டிவிடுவார்கள்.

அந்த வருஷம் ஜூலைக் கடைசியில் என் பெயர் பலகைக்கு வந்தது. எங்கள் ஊர் கல்லணைக் கால்வாயின் கடைமடை. மேட்டூரில் திறந்தார்கள், கல்லணைக்கு வந்துவிட்டது என்று ரேடியோவில் கேட்டுக்கொண்டே இருப்போம், தண்ணீர் மட்டும் வராது. அப்பாவின் மணியார்டரும் அப்படித்தான் ஆனது. நான் யாரிடமும் சொல்லவில்லை. உறையூரில் ஒரு சித்தப்பா வீடு இருக்கிறது, அங்கே சாப்பாடு என்று சொல்லிவைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் வெளியே போய், தெப்பக்குளத்தைச் சுற்றிவிட்டு, மெயின்கார்டு கேட் வரை நடந்து திரும்பி வருவேன். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ தெருக்குழாயில் குனிந்து தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே சாயல்குடிக்காரன் நிற்கிறான்.

"உங்க சித்தப்பா பேரு முனிசிபாலிட்டி குழாயாடா?" என்றான்.

அன்றைக்கு ராத்திரியே தொட்டியத்துக்காரனுக்கு முதல் காய்ச்சல் கண்டது. காய்ச்சல்காரனுக்கு அறைக்கே தட்டு எடுத்துப் போகலாம் என்று ஒரு விதி இருந்தது. சிக் டயட் என்று பெயர். ரசம் சாதம், சுட்ட அப்பளம், ஒரு டம்ளர் பால். மாடு போய் வாங்கி வருவான். தட்டில் இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடும் அளவுக்குச் சோறு குவிந்திருக்கும். காய்ச்சல்காரன் பாதி, நான் பாதி. காய்ச்சல் கண்டவனுக்கு எப்படி இவ்வளவு பசி என்று மாஸ்டர் ஒருநாளும் கேட்டதில்லை. இரண்டாம் வாரத்திலிருந்து அப்பளம் இரண்டாக வந்தது. நாற்பத்துமூன்று நாள் இப்படி நடந்தது.

நேர்மையாகச் சொன்னால் அது திருட்டு. விடுதியில் நூற்று நாற்பது பேர் சாப்பிட்டார்கள். என் சோற்றுக்கான காசைத் தங்களுக்குத் தெரியாமலே ஆளுக்குச் சில பைசாவாகக் கட்டியவர்கள் அவர்கள். பாதிப் பேர் முகம்கூட எனக்கு இப்போது நினைவில்லை. அடுத்த பொங்கலுக்கு அப்பா விடுதிக்கு வந்தார். பாக்கியைக் கட்டினார். பேருந்து மேலே போட்டுக் கொண்டுவந்த ஒரு மூட்டை நிலக்கடலையை மெஸ்ஸில் இறக்கச் சொன்னார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, மாஸ்டரும் கேட்கவில்லை. அப்பாவிடம் யார் சொன்னார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த வாரம் முழுக்க நூற்று நாற்பது பேரும் அவித்த கடலை தின்றோம்.

அப்பா அப்படிச் செய்ததில் ஆச்சரியமில்லை. நாங்கள் மொய் தேசத்துக்காரர்கள். ஆடி பிறந்தால் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் மொய் விருந்துப் பந்தல்கள் எழும்பும். கல்யாணம் காதுகுத்து எதுவும் வேண்டாம், மொய் வாங்குவதற்கென்றே ஒரு விருந்து. கிடா வெட்டிச் சாப்பாடு போட்டு, வாசலில் நோட்டோடு ஆட்களை உட்காரவைத்து, யார் எவ்வளவு என்று எழுதி வாங்குவார்கள். பழையது இவ்வளவு, அதற்கு மேல் புதிது இவ்வளவு என்று கணக்கு ஓடும். சில பந்தல்களில் பணம் எண்ணும் இயந்திரம்கூட வந்துவிட்டது. வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். எனக்கு அதில் கேலி இல்லை. வட்டியில்லாமல் ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிற ஏற்பாடு அது. எத்தனையோ பேர் அதில் கிணறு வெட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். ஆனால் அதில் ஒரு பயம் உண்டு. வாங்கியவன் செத்தாலும் நோட்டு சாகாது. எங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்து மொய் நோட்டுகள் இருந்தன. யார் வீட்டில் விசேஷம் என்று பத்திரிகை வந்தாலும் அம்மா முதலில் நோட்டைத்தான் இறக்குவாள்.

இப்படி வளர்ந்தவனுக்கு, எழுதப்படாத ஒரு கடனைச் சுமப்பது கஷ்டம். விடுதியைவிட்டு வந்த பிறகும் அந்த நாற்பத்துமூன்று நாள் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. முதல் சம்பளம் வாங்கியதும் மூன்று பேருக்கும் சட்டைத்துணி எடுத்துக்கொண்டு போனேன். மூன்று பேரும் வாங்கிக்கொண்டார்கள். எதற்கு என்று புரிந்ததும் சாயல்குடிக்காரன் இங்கே எழுத முடியாத ஒரு வார்த்தையைச் சொன்னான்.

நன்றி என்ற சொல்லை நண்பர்களிடம் சொல்ல முடியாத மொழி நம்முடையது. மேடையில் நன்றியுரை உண்டு, கடிதத்தின் கடைசியில் உண்டு, இப்போது வங்கி இயந்திரமும் பணம் தந்துவிட்டு நன்றி சொல்கிறது. கூடப் படித்தவனிடம் சொன்னால் அடிக்க வருவான். அப்படிச் சொன்னால் நீ வேறு, நான் வேறு என்று ஆகிவிடுகிறது. வள்ளுவரிடம் நன்றி என்றால் செய்த நன்மைதான், வாயால் சொல்லித் தீர்க்கிற சொல் அல்ல. அதை மறக்காமல் இருக்கச் சொன்ன அதிகாரத்தை அவர் அறத்துப்பாலில், இல்லறத்தானுக்கு வைத்தார். நட்பையோ பொருட்பாலுக்குக் கொண்டுபோய் ஐந்து அதிகாரம் ஒதுக்கினார். அந்த ஐந்தில் எனக்குப் பிடித்தது பழைமை. பழகிய உரிமையில் நண்பன் நம்மைக் கேட்காமலே ஒரு காரியத்தைச் செய்துவிட்டால் அதை விரும்பி ஏற்றுக்கொள்ளச் சொல்கிற அதிகாரம். பள்ளிக்கூடத்தில் நட்பைத்தான் மனப்பாடம் பண்ணவைக்கிறார்கள். பழைமைக்கு வயதாக வேண்டும் போலிருக்கிறது.

பிசிராந்தையார் கதை எனக்குச் சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் உறுத்தும். கோப்பெருஞ்சோழன் வடக்கிருக்கிறான், பார்த்தேயிராத நண்பனுக்கு இடம் ஒதுக்கிவைக்கச் சொல்கிறான், அவரும் வந்து சேருகிறார். மகத்தான கதைதான். ஆனால் இருவரும் ஓர் அறையில் மூன்று வருஷம் இருந்து, ஒரே பற்பசையை அடியிலிருந்து பிதுக்கி, ஒருவன் வேட்டியை இன்னொருவன் கேட்காமல் கட்டிக்கொண்டுபோய்ச் சண்டை போட்டிருந்தால் சங்கப் புலவர்கள் என்ன பாடியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். எங்கள் நட்பில் உன்னதம் எதுவும் கிடையாது. மாடு இரண்டு முறை என் காதல் கடிதத்தைப் படித்து எழுத்துப் பிழை திருத்தியிருக்கிறான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது அப்பாவுக்கு எண்பத்துநான்கு வயது. தோப்பில் நிமிர்ந்து நின்ற மரத்தை ஒரு கை விரலால் எண்ணிவிடலாம். நான் சென்னையிலிருந்து ஊர் போய்ச் சேருவதற்கு முன்பே மணப்பாறைக்காரன் அங்கே இருந்தான். திருச்சியில் அவனுக்கு இரும்புக் கடை. சிறிய லாரியில் மரம் அறுக்கும் இயந்திரம், கயிறு, தார்ப்பாய், மெழுகுவர்த்தி, இரண்டு ஆட்கள். வீட்டுமேல் சாய்ந்திருந்த மரத்தை அறுத்து எடுத்துவிட்டு, மின்சாரம் இல்லாத வீட்டில் மூன்று ராத்திரி தங்கினான். அப்பா திண்ணையில் உட்கார்ந்து தோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மாடு பக்கத்தில் உட்கார்ந்து அவனும் பார்த்துக்கொண்டிருந்தான். ஆறுதல் சொல்ல வந்த உறவினர்கள் ஒவ்வொருவரும் நிவாரணம் எப்போது வரும், மரத்துக்கு எவ்வளவு தருவான் என்று பேசியதைக் கேட்டபோது இவனுடைய ஊமைத்தனத்தின் அருமை தெரிந்தது.

இரண்டரை வருஷம் கழித்து எனக்கு நிஜக் காய்ச்சல் வந்தது.

2021 மே 2, ஓட்டு எண்ணிக்கை நாள். டிவியைப் பார்த்துக்கொண்டே உடம்பு சுடுவதை உணர்ந்தேன். இரண்டு நாளில் பரிசோதனை முடிவு வந்தது. ஆறாம் தேதி விரலில் மாட்டிய கருவி 91 என்று காட்டியது. அந்த வாரம் சென்னை எப்படி இருந்தது என்பதை இங்கே இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரசுப் பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன, நோயாளிகள் உள்ளேயே ஆக்சிஜனோடு காத்திருந்தார்கள். சாயல்குடிக்காரன் ரயில்வேயில் இருந்தான், பெரம்பூரில் வீடு. அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் ஒவ்வொரு மருத்துவமனையாக ஏறி இறங்கினான். போனில் எல்லாரும் இடமில்லை என்றுதான் சொல்வார்கள், நேரில் போய் நின்றால் யாராவது ஒருவர் முகத்தைப் பார்ப்பார் என்பது அவன் கட்சி. எட்டாம் தேதி ராத்திரி ஒரு தனியார் மருத்துவமனையில் ஒரு படுக்கை கிடைத்தது. முன்பணம் மூன்று லட்சம். யுபிஐயில் அப்போது ஒருநாளைக்கு ஒரு லட்சம்தான் போகும். தொட்டியத்துக்காரன் தன் போனிலிருந்து ஒன்று, மனைவி போனிலிருந்து ஒன்று, மகன் போனிலிருந்து மிச்சம் என்று அனுப்பிவிட்டு, "வந்துச்சா?" என்று மட்டும் என் மனைவியிடம் கேட்டிருக்கிறான்.

மறுநாள் டாக்டர் ஆறு குப்பி ரெம்டெசிவிர் எழுதிக் கொடுத்தார். மருந்து எங்களிடம் இல்லை, நீங்கள்தான் வாங்கி வரவேண்டும் என்றார்கள். கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் அரசு அதை விற்றுக்கொண்டிருந்தது. டாக்டர் சீட்டு, பரிசோதனை முடிவு, ஆதார் நகல் எல்லாம் வேண்டும். மாநிலத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வந்து ராத்திரியே சாலையோரம் படுத்துக்கிடந்தார்கள். ஐம்பத்துநான்கு வயதில், சர்க்கரை வியாதியோடு, ஒரே ஒரு தடுப்பூசி மட்டும் போட்டிருந்த தொட்டியத்துக்காரன் ராத்திரி பத்து மணிக்குப் போய் நின்றான். காலை ஆறு மணிக்குச் சாயல்குடிக்காரன் மாற்றிவிட்டான். மத்தியானம் தொட்டியத்துக்காரனின் மகன். மறுபடி ராத்திரி தொட்டியம். மூன்றாம் நாள் மருந்து கிடைத்தது.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த மருந்து உயிரைக் காப்பாற்றுகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லி, மருத்துவமனையில் இருக்கும் கொரோனா நோயாளிகளுக்கு அதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. நான் பிழைத்ததில் அந்த ஆறு குப்பிக்குப் பங்கு உண்டா என்று என் டாக்டராலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பிற்பாடு இதை வாசித்துவிட்டுத் தொட்டியத்துக்காரனிடம் சொன்னேன். கொஞ்சநேரம் யோசித்தான். "அப்படின்னா அந்த மூணு நாள் நான் எங்கடா போய் நின்னுருப்பேன்?" என்றான்.

மருத்துவரீதியாக எனக்கு உதவியது என்று நான் நிச்சயமாக நம்புவது வேறொன்று. அது என் நண்பர்களிடமிருந்து வரவில்லை. என் மனைவியின் கல்லூரித் தோழியிடமிருந்து வந்தது. படுக்கை கிடைக்காத அந்த இரண்டு ராத்திரியும் தெற்கே ஒரு மாவட்டத்து அரசு மருத்துவமனையில் கொரோனா வார்டில் நர்ஸாக இருந்த அந்த அம்மாள், தன் இடைவேளையில், ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. "அழுவாத. மொதல்ல அவரைக் குப்புறப் படுக்க வைடி. கழுத்துக்குக் கீழ ஒரு தலகாணி, நெஞ்சுக்குக் கீழ ஒண்ணு, கால்கிட்ட ரெண்டு. அரைமணி கழிச்சு எவ்வளவுன்னு சொல்லு." 91 இருந்தது 94 ஆனது. மறுபடி இறங்கும், மறுபடி குப்புற. விடிய விடிய இருவரும் அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தோழியை அதற்கு முன்பு நான் பார்த்ததே இல்லை. முப்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் பெயரைக்கூடக் கேட்டதாக நினைவில்லை. என் மனைவியும் திருச்சியில்தான் படித்தாள், பெண்கள் கல்லூரியில். அவர்களுடையதும் ஒரு நால்வர் கூட்டம். படிப்பு முடிந்த ஒன்றரை வருஷத்துக்குள் நான்கு பேருக்கும் கல்யாணம் ஆகி, நான்கு ஊருக்குப் போய், விலாசம் மாறி, பெயருக்குப் பின்னால் இருந்த எழுத்து மாறி, ஒருவரை ஒருவர் தொலைத்துவிட்டார்கள். இருபத்துநான்கு வருஷம். வாட்ஸாப் வந்த பிறகு யாரோ ஒருத்தி ஒவ்வொருவராகக் கண்டுபிடித்துச் சேர்த்தாள். "உங்களுக்கு உங்க கூட்டாளிங்க எங்கயும் போகலை. நாங்கதான் போயிட்டோம்" என்று மனைவி ஒருமுறை சொன்னாள். எங்கள் நட்பு நீடித்தது எங்கள் குணத்தால் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் நால்வரும் வருஷத்துக்கு ஒருமுறை குற்றாலம் போனபோது வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது யார் என்பதை அந்த நினைப்பில் சேர்க்கவில்லை.

பதினேழு நாள் கழித்து வீடு திரும்பினேன். மேஜைமேல் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது. பேராவூரணி மருமகள் அல்லவா, மனைவி எல்லாவற்றையும் எழுதிவைத்திருந்தாள். தொட்டியம் 3,00,000. சாயல்குடி, மருந்துக்கு இவ்வளவு, பெட்ரோல் பணம் கேட்டேன் சொல்லவில்லை. மணப்பாறை, தினம் இரண்டு போன். நர்ஸ் தோழி, ராத்திரி 2.10, ராத்திரி 2.45, 3.20. காசு அல்லாததையும் அவள் மொய்யாக எழுதியிருந்தாள். அதற்கு எதிர்ப்பக்கத்தில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆறு மாதத்தில் தொட்டியத்துக்காரனுக்கு மூன்று லட்சத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு ரூபாய் குறையாமல் வாங்கிக்கொண்டான். மகள் கல்யாணம் நெருங்கியிருந்தது அவனுக்கு. அவன் வேண்டாம் என்று சொல்லியிருந்தால்தான் எனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். கொடுத்த பணத்தைத் திருப்பி வாங்கத் தயங்குகிறவனிடம் அடுத்தமுறை எப்படிக் கேட்பது? சாயல்குடிக்காரன் மருந்துக் காசை வாங்க மறுத்துவிட்டான். மெஸ் பாக்கியில் கழித்துக்கொள்ளச் சொன்னான். நான்தான் அவனுக்குப் பாக்கி, அவன் எனக்கு அல்ல என்று எவ்வளவு சொல்லியும் கணக்கு அவனுக்கு ஏறவில்லை.

இத்தனையும் எழுதிவிட்டேன். எழுதத் தயங்கிய ஒன்று மிச்சமிருக்கிறது.

1986 செப்டம்பருக்கு மெஸ் செக்ரட்டரியாக இருந்தவன் அரவக்குறிச்சிக்காரன், எங்கள் பக்கத்து அறை. கணக்கில் புலி. சிக் டயட் எத்தனை தட்டு போனது, எந்த அறைக்குப் போனது என்பதெல்லாம் அவன் நோட்டில் பதியாமல் நடக்காது. ஒரே அறையில் நாள் தவறாமல் முறைவைத்துக் காய்ச்சல் வருவதை அவன் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாதக் கடைசியில் கூட்டி, வகுத்து, கையெழுத்துப் போட்டு, ரேட்டைப் பலகையில் ஒட்டிவிட்டுப் போனான்.

பிற்பாடு திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் யூனிட் வைத்திருந்தான். குற்றாலத்துக்கு முதலில் வந்துகொண்டிருந்தான், அப்புறம் ஆர்டர் இருக்கிறது, ஷிப்மென்ட் இருக்கிறது என்று வரவில்லை. வாட்ஸாப் குழுவில் எல்லாருக்கும் பிறந்தநாள் வாழ்த்துப் போடுவான். 2019இல் ஒருநாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டான். மழை உண்டா என்று கேட்டான். அந்தக் கோடையில் சென்னையில் ஏது மழை, குடிக்கவே தண்ணீர் லாரியை நம்பி இருந்தோம். சிரித்தேன். அவனும் சிரித்தான். அப்புறம், "ஏண்டா பேராவூரணி, அந்த செப்டம்பர் மாசம் மெஸ் ரேட்டு எவ்வளவு வந்துச்சு, ஞாபகம் இருக்கா?" என்றான். எனக்கு மீட்டிங்குக்கு நேரமாகியிருந்தது. "கணக்கு எழுதினவன் நீ, என்னைக் கேக்குற?" என்றேன். "சும்மாதான் மாப்ள" என்று வைத்துவிட்டான்.

நான்கு மாதம் கழித்துச் செய்தி வந்தது. மாரடைப்பு என்றார்கள். போனபோதுதான் தெரிந்தது, யூனிட்டை விற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீடு வாடகை வீடு. எங்களில் யாரிடமும் அவன் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தானா, கேட்கத்தான் கூப்பிட்டானா? முப்பத்துமூன்று வருஷமாக வாய் திறக்காத ஒன்றை அன்றைக்கு ஏன் எடுத்தான்? நான் உறையூர்ச் சித்தப்பா கதையை விட்டபோது என்னைத் தெருக்குழாயடியில் பிடிக்க ஒருவன் பின்னாலேயே வந்தான். இவன் பின்னால் நாங்கள் யாரும் போகவில்லை. என் காய்ச்சலில் மூன்று பேர் ஓடி ஓடிச் செய்ததில் எனக்கான அன்பு எவ்வளவு, அரவக்குறிச்சிக்காரனுக்குச் செய்யாமல் விட்டது எவ்வளவு என்று பிரிக்க நான் முயன்றதில்லை. படுக்கை தேடி அலைந்த அந்த ராத்திரிகளில் சாயல்குடிக்காரன் என் மனைவியிடம், "இன்னொருத்தனை விடமாட்டோம்மா" என்று சொல்லியிருக்கிறான். யாரைச் சொல்கிறான் என்று அவளுக்கு அப்போது புரியவில்லை.

அரவக்குறிச்சிக்காரனின் மகள் இப்போது கோயம்புத்தூரில் எம்.எஸ்சி. படிக்கிறாள். கட்டணத்தை நாங்கள் நான்கு பேரும் பிரித்துக் கட்டுகிறோம், டிவைடிங் சிஸ்டம். முதல் தடவை பணம் அனுப்பியபோது, "நோட்டுல எழுதி வெச்சிருக்கேன் அங்கிள், வேலைக்குப் போனதும் குடுத்துடுவேன்" என்றாள். எழுதிக்கொள் என்றேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பாவின் பிள்ளை, அவளுக்குக் கணக்கு வேண்டும்.

போன மாதம் அவளிடம் இந்தக் காய்ச்சல் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ அப்பா பொய்க் கணக்கு எழுதினாரா?" என்றாள். ஆமாம் என்றேன். கொஞ்சநேரம் பேச்சில்லை. பிறகு, "அந்த மாசம் ரேட் எவ்வளவு வந்துச்சு அங்கிள்?" என்று கேட்டாள்.

தொட்டியத்துக்காரனைக் கேட்டேன், மாட்டைக் கேட்டேன், சாயல்குடிக்காரனைக் கேட்டேன். ஒருவனுக்கும் நினைவில்லை.